இடமில்லை என்றால் இடமில்லை

நேற்றிரவு பதினொன்றே காலுக்கு
நான்தான் ‘ஆம்’ என்று அழுத்தினேன்.
ஓடி மறைந்த வரிகளில் ஒன்று
‘இடமில்லை’ என்று சொல்லியிருக்கிறது.
அப்போது நான் காலுறையில்
ஓட்டை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன்.

காலை நாலரை.
ஹீயுமா தீவின் கரையில் ஒரு தகரக் கொட்டகை,
மேசைக்கடியில் தூசி தின்னும் லினக்ஸ் பெட்டி.
கடல் உறைந்து சாலையாகிவிட்ட இந்த மூன்று வாரமும்
பனிக்கட்டியின் கனத்தை அதுதான் சொல்லும்.
அது சொன்னால் தடைக்கம்பு உயரும்.
இன்று அது வேறு சொன்னது:

கெர்னல் பேனிக்.
வேரை ஏற்ற முடியவில்லை.

அணைத்துப் போட்டேன். அதே சொல்.
மூன்றாம் முறையும் போட்டேன்,
பூட்டிய கதவென்று தெரிந்தே
கைப்பிடியை ஆட்டிப் பார்ப்பதில்லையா, அப்படி.

வெளியே வண்டிகள் சேரத் தொடங்கின.
முதலில் வம்போலாவின் ரொட்டி வேன்,
பின்னால் மாட்டு வைத்தியர் மாரெத்.
“எவ்வளவு நேரம் ஆகும்?”
“தெரியாது” என்றேன்.
இன்றைக்கு நான் சொன்ன முதல் உண்மை.

ஹின்ட்ரெக் துளைக்கருவியைத் தோளில் போட்டுக்கொண்டான்.
ஐந்நூறு மீட்டருக்கு ஒரு துளை,
அவன் வாக்கி-டாக்கியில் எண்ணைக் கத்துவான்,
நான் பலகையில் எழுதவேண்டும்.
“உன் பெட்டி எழுவதற்குள் மறுகரைக்கே போய்விடுவேன்.”

ஷிஃப்ட் விசையை அமுக்கிப் பிடித்தேன்.
பட்டியல் வந்தது. புதியது மேலே.
அதற்குக் கீழே போன நவம்பரில் வந்தது,
யாரும் கேட்காததால் பேசாமல் இருந்தது.
அம்புக்குறி ஒன்று கீழே. என்டர்.

வட்டைக் கண்டது. வேரைக் கண்டது.
கடிகாரம் தப்பு என்று முணுமுணுத்துவிட்டு
என்னை உள்ளே விட்டது.

பூட் பகுதியில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று கேட்டேன்.
நூற்றுக்கு நூறு.
என் மகன் எந்தப் பரீட்சையிலும் வாங்காத மதிப்பெண்.
ஆறு கெர்னல்கள் அடைந்து கிடந்தன.
ஏழாவது வந்து நுழைந்தபோது
அதன் கட்டுச்சோற்று மூட்டை பாதியில் அறுந்திருக்கிறது.

கெர்னலை நாங்கள் ‘தூம்’ என்போம்,
கொட்டைக்குள் இருக்கும் பருப்புக்கும் அதே பெயர்.
பருப்புக்குத் தன் வேர் எங்கே என்று தெரியாது.
வட்டோடு பேசும் மொழிகூடத் தெரியாது.
அதனால் புறப்படும்போதே ஒரு மூட்டை கட்டிக்கொடுக்கிறார்கள்:
வழித்துணைக்கு நாலு டிரைவர், ஒரு முகவரி.
வேரைத் தொட்டதும் மூட்டைக்கு வேலையில்லை.
பாதி முகவரியோடு இருட்டில் நின்ற ஒன்றைத்தான்
நான் மூன்று முறை உலுக்கி எழுப்பியிருக்கிறேன்.

நாலைக் கழித்தேன்.
ஒவ்வொன்றுக்கும் ‘உறுதியா?’ என்றது.
இம்முறை வரிவரியாகப் படித்தேன்,
வாடகை ஒப்பந்தம் படிப்பவள்போல.
பிறகு மூட்டையைத் திரும்பக் கட்டச் சொன்னேன்.
அது கட்டிக்கொண்டிருக்கும்போதே வாக்கி-டாக்கி:
“முப்பத்தொன்று.”
“முப்பத்து மூன்று.”
“இருபத்… இரு, திரும்பத் துளைக்கிறேன்.”
கணப்பில் ஒரு விறகு சரிந்தது.
“இருபத்தாறு.”

மறுதொடக்கம்.
இந்த இடத்தில் கைகளை என்ன செய்வதென்று
எந்தக் கையேட்டிலும் இல்லை.
நான் அக்குளில் வைத்துக்கொண்டேன்.

புதிய கெர்னல் எழுந்தது.
எண்கள் வரிசையாக வந்தன, பலகையோடு ஒத்துப்போயின,
ஒன்பதாம் கம்பத்தைத் தவிர.
பெட்டி முப்பது என்றது, ஹின்ட்ரெக் இருபத்தாறு.
அவனுடையதைப் போட்டேன்.
அங்கே ஒரு சிவப்புக் கொடி நடச் சொன்னேன்.

ஆறேகாலுக்குத் தடைக்கம்பு உயர்ந்தது.
வம்போலா இருக்கைப் பட்டையைக் கழற்றினார்,
பனிமேல் அதுதான் சட்டம்,
விழுந்தால் வெளியே வரவேண்டுமல்லவா.
ஜன்னல் வழியாக ஒரு கறுப்பு ரொட்டியை நீட்டினார்.
காசு கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

நவம்பர்க் கெர்னல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.
திரையோரத்தில் ஒரு ஒட்டுத்தாளில்
தலைப்பை எழுதி வைத்திருக்கிறேன்.
காலுறையைத்தான் இன்னும் தைக்கவில்லை.
இடது பெருவிரல் சில்லென்றிருக்கிறது.